மேலாண்மைத் துறையில் துப்பியவள்

9 ஜூன் 1999

பி.காம்.மில் இடம் இல்லையாம். பட்டியல் ஒட்டிய பசை காயும் முன்பே முடிந்துவிட்டது. பி.பி.எம். மட்டும் இருக்கிறது, திங்கட்கிழமை நேர்முகத்துக்கு அப்பாவோடு ஊட்டி காலேஜுக்கு வரச்சொன்னார்கள். அது என்ன படிப்பு என்று அம்மா கேட்டாள். வியாபார நிர்வாகம் என்றேன்.

"வியாபாரமே இல்லாத நேரத்துல நிர்வாகமாக்கும்?"

இதுவும் கிடைக்காவிட்டால் திருப்பூரில் சித்தி வீடு, பனியன் கம்பெனி. தேயிலை விலை விழுந்ததிலிருந்து எங்கள் லைன் வீடுகளிலேயே நாலு பெண்கள் போய்விட்டார்கள். நான் போகமாட்டேன். போகவே மாட்டேன்.

14 ஜூன்

மானம் போச்சு. கப்பலேறிப் போச்சு.

எங்கள் வீட்டில் யாரும் டீயைச் சும்மா குடிப்பதில்லை. அப்பா ஃபேக்டரியில் டீ மேக்கர். தினமும் கோப்பைகளை வரிசையாக வைத்து, கரண்டியில் எடுத்து ஸ்ர்ர்ரென்று உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, துப்பிவிட்டுக் குறை சொல்வதற்குத்தான் அவருக்குச் சம்பளம். டிபன் கேரியர் கொண்டுபோன வயசிலிருந்தே நானும் பக்கத்தில் நின்று துப்பியிருக்கிறேன்.

துறைத்தலைவி சுசீலா மேடம், நல்ல மனுஷி, எங்களுக்கும் டீ வரவழைத்தார். நான் யோசிக்கவே இல்லை. உறிஞ்சினேன். அறை முழுக்கக் கேட்டது. துப்பினேன் — மேஜைமேல் பிளாஸ்டிக் பூ வைத்த ஜாடிக்குள். அதோடு விட்டேனா? "கருகலடிக்குதுங்க மேடம், டிரையர்ல சூடு ஜாஸ்தி" என்று தீர்ப்பு வேறு.

அப்பா கிள்ளப்போகிறார் என்று தொடையை நகர்த்திக்கொண்டேன். அவரோ தானும் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "சூடு இல்ல பாப்பா, ஸ்டோர்ல ஈரம் ஏறியிருக்குது" என்கிறார்! ஆனால் விழுங்கிவிட்டார். பெரிய மனுஷர்.

"அப்புறம் ஏன் கேண்டீன்ல இதை வாங்கறாங்க?" என்று கேட்டார் மேடம்.

"விலை கம்மிங்க" என்றேன்.

மேடம் எதையோ எழுதிக்கொண்டார்.

18 ஜூன்

காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆள். வர்ஷா என்று ஒருத்தி சேராவிட்டால் எனக்கு இடம். ராத்திரி ஜெபத்தில் அம்மா, "அந்தப் புள்ள வர்ஷாவுக்கு இதவிட நல்ல எடமா, தூரமா காட்டுங்க ஆண்டவரே" என்றாள். எவ்வளவு நாசூக்கு!

23 ஜூன்

ஸ்தோத்திரம். வர்ஷாவுக்குக் கோயமுத்தூரில் நர்சிங்.

2 மார்ச் 2000

வகுப்பில் எனக்குப் பெயர் 'ஜாடி'. புள்ளியியலில் 31. அரியர்.

5 ஆகஸ்ட்

ருஷ்யாக்காரன் வாங்குவதை நிறுத்திவிட்டான் என்று ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடுகிறது. மீதி நாள் அப்பாவுக்குச் சுவைத்துப் பார்க்க ஒன்றும் இல்லை. போன வாரம் ஒருநாள் அம்மாவின் ரசத்தைக் கரண்டியில் எடுத்து, உறிஞ்சி, சுழற்றி, ஜன்னல் வழியே துப்பினார். "புளி தூக்கல்."

"ஏனுங்க, இன்னொருக்கா என்ற ரசத்தத் துப்புனீங்கன்னா, நாளைக்கு இந்தக் கரண்டிய நீங்கதான் புடிக்கோணும்."

மூன்று நாள் அவர்தான் பிடித்தார். ஐயோ சாமி, அந்தச் சாம்பாரை நாங்கள் மூன்று பேருமே துப்பினோம்.

19 நவம்பர் 2001

புள்ளியியல் மூன்றாம் தடவையில் தேறிவிட்டேன். 41!

"போதும் பாப்பா. நம்ம டீ அந்த வெலைக்குக்கூடப் போகறதில்ல" என்றார் அப்பா.

7 ஜனவரி 2002

கடைசி வருஷப் புராஜெக்டுக்கு உங்கள் ஃபேக்டரியையே எடு, உங்கள் டீ ஏலத்தில் ஏன் விலைபோகவில்லை என்று எழுது என்றார் மேடம். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "என்ற பொண்ணு நம்ம டீயப் பத்திப் பொஸ்தகம் எழுதறா" என்று பாஸ்டரிடம்கூடச் சொல்லிவிட்டார்.

28 ஜனவரி

குன்னூரில் ஏலத் தரகர் ஆபீஸில் இரண்டு வருஷக் குறிப்புகளைப் புரட்டினேன். வாரா வாரம் எங்கள் டீக்கு எதிரே ஒரே வரி: முற்றிய இலை, நார், சாரம் இல்லை. பக்கத்து ஃபேக்டரி டீ குறைந்த விலைக்காவது போகிறது. எங்கள் மூட்டை மட்டும் திரும்பி வருகிறது. எதைப் போட்டாலும் ருஷ்யாக்காரன் வாங்கிய காலத்தில் கண்ட இலையையும் உள்ளே விட்ட பழக்கம், இன்னும் விடவில்லை. உள்ளே விடுவது யார்? அப்பாதான்.

இதையா எழுதுவேன்? பெற்ற அப்பனையா? முதலாளி படித்தால் அவர் வேலை என்ன ஆகும்?

14 பிப்ரவரி

எழுதி முடித்தேன். அறுபத்துநாலு பக்கம். எல்லாம் ருஷ்யாவின் குற்றம்.

18 பிப்ரவரி

"ருஷ்யாவுக்கு டிகிரி குடுக்க முடியாது கெஸியா. ஜாடியில துப்புன பொண்ணு எங்க?" என்று மேடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். பத்து நாள் கெடு. தவறினால் இந்த வருஷம் வைவா தேர்வு இல்லை. திருப்பூர் சித்தி விசாரித்ததாக அம்மா சொன்னாள். மூக்கில் வேர்த்துவிடுமே அவளுக்கு.

20 பிப்ரவரி

அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை. ரசம் நன்றாக இருந்தது.

23 பிப்ரவரி

தரகரிடம் ஐந்து ஃபேக்டரி டீ வாங்கிவந்து, பெயர் சொல்லாமல் அப்பா முன்னால் ஐந்து கோப்பை வைத்தேன். மூன்றாவது எங்களுடையது.

முதலாவது, "பரவால்ல." இரண்டாவது, "ம்ம்." மூன்றாவதை உறிஞ்சியவர், துப்புவதற்கு வைத்த அண்டாவே அதிரத் துப்பினார்.

"எவனவன், வேலி எலையெல்லாம் பறிச்சுப் போட்டிருக்கான்? இவனெல்லாம் ஒரு டீ மேக்கரா? சம்பளம் வேற வாங்கறானாக்கும்!"

அம்மா சமையலறையிலேயே நின்றுவிட்டாள். அப்பா என் முகத்தைப் பார்த்தார். இன்னொரு வாய் எடுத்து, வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்தார். அதைத் துப்பவில்லை.

"எழுது" என்றார்.

"வேண்டாம்ப்பா."

"அட எழுது பாப்பா. நாஞ் சொன்னத அப்படியே எழுது. அந்தச் சம்பளத்த மட்டும் விட்டுரு."

பாத்ரூமுக்குள் போய் அழுதேன்.

26 பிப்ரவரி

ஃபேக்டரி தரப்பு வழிகாட்டி என்ற இடத்தில் அப்பாவே கையெழுத்துப் போட்டார். இரண்டு நாளாக இலைக் கொட்டகை வாசலில் நின்று முற்றிய இலையைத் திருப்பி அனுப்புகிறார். சின்னத் தோட்டம் வைத்திருக்கும் மாமா கொண்டுவந்த மூட்டையையும்! மாமா எங்களோடு பேசுவதில்லை. அதில் அம்மாவுக்கு வருத்தம் ஒன்றும் தெரியவில்லை. பாதி இலைதான் உள்ளே வருகிறதென்று முதலாளி கத்தினாராம். ஈஸ்டர் வரை கெடு. அதற்குள் டீ மூட்டை விலைபோகாவிட்டால் அப்பாவுக்கு வேலை இல்லை.

29 மார்ச்

புனித வெள்ளி. நேற்றைய ஏலத்தில் எங்கள் மூட்டை திரும்பி வரவில்லை. துக்க நாளில் சிரிக்கக்கூடாது என்று அம்மா அப்பாவையும் என்னையும் அதட்டினாள்.

9 ஏப்ரல்

வைவா. கோயமுத்தூரிலிருந்து வந்த தேர்வாளர், "ஃபேக்டரி நஷ்டத்துக்கு யார் காரணம்?" என்றார்.

"டீ மேக்கருங்க. எங்கப்பா."

அவர் முதல் பக்கத்துக்குப் போய் வழிகாட்டி இடத்தில் அப்பாவின் கையெழுத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். புராஜெக்டை மூடி வைத்தார்.

டீ வந்தது. காலையில் அப்பா கொடுத்தனுப்பிய பொட்டலத்துத் தூளில் போட்டது. மேடம் எழுந்து பூஜாடியைத் தூக்கி பீரோமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா வாசலிலேயே நின்றிருந்தார்.

"துப்புனியா?"

"இல்லப்பா. இன்னொரு கப் வாங்கிக் குடிச்சேன்."

அதற்குப் பிறகுதான் பாஸா என்று கேட்டார்.