சேரின் நினைவு மலருக்கு அரைப்பக்கம்

நவம்பர் 14, வெள்ளி

வேலை முடிந்து எஸ்-பான் ரயிலில் வரும்போது, எனக்குச் சங்கீதம் படிப்பித்த சேரின் மகன் போன் எடுத்தான். தகப்பனின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நினைவு மலர் அடிக்கிறார்களாம். மாணவர்கள் சார்பில் நான் எழுத வேண்டுமாம்.

“அப்பா உங்களைப் பற்றித்தான் எப்பவும் கதைப்பார், அக்கா. அரைப்பக்கம் எழுதித் தாங்கோ.”

ஒன்பது வயதில், வகுப்பு முடிந்து மற்றப் பிள்ளைகள் போனபின், என்னை மட்டும் மறித்துவைத்து அவர் செய்தது இவனுக்குத் தெரியாது. ஆள் செத்தாலும் நட்டஈட்டுப் பொறுப்பு சொத்தோடு பிள்ளைகளுக்குப் போகும் என்று போன கிழமை என் சட்டத்தரணி சொன்னதும் தெரியாது.

“எழுதுறன் தம்பி. ஆனா மலரில போட ஏலாது. கோட்டில இருந்து உங்களுக்கு வரும்.”

“விளங்கேல்லை அக்கா.”

“உங்கட அப்பா சின்ன வயசில என்னைக் கெடுத்தவர். அவர் இல்லை. அதால வழக்கு உங்களிலதான் வரும்.”

ரயில் சுரங்கத்துக்குள் போனது. தொடர்பு தானாக அறுந்ததோ, அவன் வைத்தானோ தெரியாது. பாவம்தான். அதற்காக நான் நிற்கப் போவதில்லை.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன்.

“செத்த மனிசனையோ கோட்டுக்கு இழுக்கிறாய்? சனம் என்ன கதைக்கும்?”

“உயிரோட இருக்கேக்கையும் இதைத்தானே சொன்னீங்கள், அம்மா.”



நடந்ததை என் சொல்லிலேயே எழுதித் தரச் சொல்லியிருந்தார் சட்டத்தரணி. ஒரு கிழமையாக ஏலாமல் கிடந்தது. இப்போது தொடங்கிவிட்டேன். முதல் வரியில் அவருடைய முழுப்பெயர். முன்னால் ‘அமரர்’ போடவில்லை. பின்னால் ‘சேர்’ என்றும் போடவில்லை.