டயட்டீஷியனுக்கு உளவு சொன்னது யார்?

மார்ச் 4
சர்க்கரை ஏறிவிட்டதாம். இறங்காவிட்டால் பஸ் ஓட்டத் தகுதிச் சான்று கிடையாது என்கிறார் டாக்டர். கண்ணை மூடிக்கொண்டு ரிவர்ஸ் எடுக்கிற எனக்கா? மாத்திரை மட்டும் போதாது, டயட்டீஷியனைப் பார் என்றார். போனேன். என் மகள் வயசு. சோற்றை நிறுத்து, பன்னை நிறுத்து என்று திட்டுவாள் என்று பார்த்தால், "உங்களுக்கு என்னண்ணே பிடிக்கும்? வண்டி எப்ப எடுப்பீங்க?" என்கிறாள். எதையும் தடுக்காத வைத்தியம் ஒரு வைத்தியமா? ஏதோ உள்குத்து.

மார்ச் 5
தட்டில் பாதி காய். அதை முதலில் தின்ன வேண்டுமாம். நான் என்ன ஆடா?

ஏப்ரல் 17
டிப்போ கேன்டீனில் கிரீம் பன். ஒன்றே ஒன்று. சரி, இன்னொன்றும். மெக்கானிக் நட்டு பார்த்துவிட்டான். அவன் பார்வையே சரியில்லை.

ஜூன் 9
நாளை மறுநாள் ரத்தப் பரிசோதனை. இப்போதிருந்தே பட்டினி, மாத்திரை மட்டும். டயட்டீஷியன் அசந்துபோவாள்.

ஜூன் 10
சாயங்கால டிரிப்பில் கை நடுங்கியது, சட்டை நனைந்துவிட்டது. வண்டி நிறைய ஜனம். புயலில் கப்பலைக் கரை சேர்ப்பதுபோல ஓரம் கட்டினேன் — சரி, விசில் ஊதி நிறுத்த வைத்தது கண்டக்டர். வாயில் மிட்டாயைத் திணித்ததும் அவன்தான். யார்கிட்டயும் மூச்சு விடாதடா என்றேன்.

ஜூன் 12
நேற்று கொடுத்த ரத்தத்தின் ரிசல்ட்டைப் பார்த்தாள் டயட்டீஷியன். "காலைச் சர்க்கரை பிரமாதம்ணே. மூணு மாசச் சராசரிதான் ஏறிக் கிடக்கு. பட்டினி கிடந்தீங்களா?"
எவன் போட்டுக்கொடுத்தான்? நட்டுவா? கண்டக்டரா? வீட்டுக்காரியா? வாய்விட்டே கேட்டுவிட்டேன்.
"யாரும் சொல்லல. உங்க ரத்தம் சொல்லுது. மாத்திரை போட்டுட்டுச் சாப்பிடாம வண்டி எடுத்து, சர்க்கரை ஒரேயடியா இறங்கிட்டா, உங்களை நம்பி ஏறினவங்க கதி?"
என் டியூட்டி நேரம் முழுவதையும் கேட்டு, அதற்குத் தகுந்தபடி சாப்பாட்டு நேரம் போட்டாள். பாதிப் பன்னுக்கும் இடம் வைத்தாள். ஏன் இவ்வளவு கரிசனம்?

ஜூலை 2
வீட்டுக்காரி சொல்லாமலே காயை முதலில் தின்றேனாம். முறைத்துப் பார்க்கிறாள், திருடனைப் பார்ப்பதுபோல.

செப்டம்பர் 20
சராசரி இறங்கிவிட்டது. சான்று கையில். முறை என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று டிப்போ முழுக்கச் சொல்லிவிட்டேன். மற்ற டிரைவர்களுக்கும் இதைச் சொல்லலாமா என்று டயட்டீஷியன் கேட்டாள். சந்தேகமே இல்லை, என் வித்தையை அடிக்கப் பார்க்கிறாள். போனால் போகிறது என்று தலையாட்டினேன்.
கண்டக்டர் இன்னும் பையில் மிட்டாய் வைத்திருக்கிறான். என்னை நம்பவில்லை, சந்தேகப் பிராணி. என் சட்டைப்பையிலும் ஒரு மிட்டாய் இருப்பது அவனுக்குத் தெரியாது.