கதவைத் திறந்தவள்

அம்மான்,
12 அக்டோபர் 1997

என் நஜ்லாவுக்கு,

வந்து மூன்று வாரமாகிறது. கானிமுக்கு அச்சகத்தில் வேலை கிடைத்துவிட்டது. கணவர் காலையில் கிளம்பினால் மாலை வரை நானும் நான்கு சுவர்களும்தான். மேல்வீட்டில் தினமும் பெண்கள் கூடித் தேநீர் குடிக்கிறார்கள். சிரிப்பு மட்டும் கீழே இறங்கி வருகிறது. ரொட்டிக் கடைக்காரர், "இராக்கா? பாட்டுப் பாடுற மாதிரில்ல பேசுறீங்க!" என்றார். கேலி இல்லை, தெரியும். ஆனாலும் இரண்டு நாள் வாயே திறக்கவில்லை.

நேற்று பழக்கதோஷத்தில் உனக்கும் சேர்த்துக் கறி வைத்த குப்பா உருண்டை செய்துவிட்டேன். பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போகத் துணியில் முடிந்த பிறகுதான் எந்த ஊரில் இருக்கிறேன் என்று உறைத்தது.

உனக்குப் பாஸ்போர்ட் எப்போது வரும்?

உன் விஜ்தான்

---

மோசுல்,
20 நவம்பர் 1997

அடி அசடே,

அந்தக் குப்பாவை என்ன செய்தாய்? தட்டில் வைத்து மேலே கொண்டுபோக வேண்டியதுதானே? வேலையில் சேர்ந்த அன்று ஆசிரியர் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாயே, முதலில் பேசியது யார்? "உள்ள வாம்மா, நாற்காலி கடிக்காது" என்று நான்தானே இழுத்தேன். ஒன்பது வருஷம் அதிலேயே ஓடிவிட்டது. இம்முறை நீதான் படியேற வேண்டும்.

பாஸ்போர்ட் பற்றிக் கேட்காதே. அண்ணன் சலீம் துணைக்கு வராமல் என்னைத் தனியே எல்லை தாண்ட விடமாட்டார்கள். பள்ளியில் சாக்பீஸ் கூட இல்லை. எனக்காகக் காத்திருக்காமல் அங்கே ஒருத்தியைப் பிடித்துக்கொள்.

கோபத்தோடும் முத்தத்தோடும்,
நஜ்லா

---

அம்மான்,
3 பிப்ரவரி 1998

நஜ்லா,

போனேன்! ஃபிரியால் என்பவள் கதவைத் திறந்தாள். ஆள் வாட்டசாட்டம், மோவாயில் ஒரு மச்சம். "அடிப்பாவி, நாலு மாசமா கீழ இருக்கறது நீதானா? ஊமைன்னுல்ல நெனச்சோம்!" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். இப்போது செவ்வாய்க்கிழமைதோறும் எல்லோரும் என் வீட்டில்தான். கடிதம் தாமதமானதற்கும் சுருங்கியதற்கும் மன்னித்துவிடு. தேநீர் ஆறுகிறது, கூப்பிடுகிறார்கள்.

விஜ்தான்

---

மோசுல்,
9 ஜூன் 1998

அன்பு விஜ்தான்,

இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. நலம்தானே? சலீமுக்கும் எனக்கும் யேமனில் ஆசிரியர் வேலை. ஆகஸ்டில் அம்மான் வழியாகப் போகிறோம். இரண்டு நாள் உன்னோடு இருக்கலாமா? ஒரு பாய் போதும். வரலாம் என்று ஒரு வரி எழுது.

நஜ்லா

---

தாயிஸ், யேமன்,
1 அக்டோபர் 1998

விஜ்தான்,

உன் வரி வரவில்லை. இருந்தும் வந்தேன். செவ்வாய்க்கிழமை. வாசலில் ஏழு ஜோடிச் செருப்பு. தட்டினேன். மச்சத்தைப் பார்த்ததும் ஃபிரியால் என்று தெரிந்துவிட்டது. அதே நேரம் உள்ளேயிருந்து யாரோ உன்னைக் கேட்டார்கள்: "மோசுல்ல இன்னும் யாரு இருக்கா ஒனக்கு?"

"யாருமில்ல. எல்லாம் முடிஞ்சு போச்சு," என்றாய். பிறகு சர்க்கரை கேட்டாய்.

"யாரும்மா வேணும்?" என்றாள் ஃபிரியால்.

"வீடு மாறி வந்துட்டேன்," என்றேன்.

ஒருத்தியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னவள் நான்தான். குறை சொல்ல எனக்கு வாயில்லை. இங்கே பக்கத்து வீட்டுப் பெண்கள் ஜன்னல் வழியாகக் கையாட்டுகிறார்கள். நான் இன்னும் போகவில்லை.

நஜ்லா

---

அம்மான்,
17 ஜனவரி 1999

என் நஜ்லா,

இது தாயிஸுக்கு நான் போடும் மூன்றாவது கடிதம். ஜூனில் நீ எழுதியதற்கு நாளை பதில் போடலாம், நாளை போடலாம் என்றே இருந்துவிட்டேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

அன்றைக்கு உன் பெயரைச் சொல்லியிருந்தால் எல்லார் முன்னாலும் அழுதிருப்பேன். எப்போதும் அழுகிறவள் வீட்டுக்கு யார் வருவார்கள் என்று பயந்தேன். அதனால் யாருமில்லை என்றேன்.

ஃபிரியாலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "கையில பையோட நின்னாளே, அவளா? தண்ணி குடிக்கிறீங்களான்னு கேட்டேன், வேண்டாம்னுட்டாளே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "ஒரு வருஷமா பழகுறோம். ஒரு நாள்கூட அவ பேர நீ சொன்னதில்லையே, ஏன்?"

இப்போதெல்லாம் யார் தட்டினாலும் நானே எழுந்துபோய்த் திறக்கிறேன்.

இதையும் அதே முகவரிக்குத்தான் அனுப்புகிறேன். முதல் இரண்டும் திரும்பி வரவில்லை. அதனால் உன் கைக்குக் கிடைத்துவிட்டன என்று எனக்குத் தெரியும்.

விஜ்தான்