கிணற்றடியில் ஒரு சரித்திர வகுப்பு

அக்கா,

இன்று காலை ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் புதுப் பனியன் போட்டுக்கொண்டு வந்தான். மேலே சட்டை இல்லை. ஊர்த் திருவிழா நோம்பிக்கு எடுத்ததாம், அதுவரை பொறுக்க முடியவில்லை போலிருக்கிறது. அவன் சிலேட்டைப் பார்க்கக் குனிந்தேன். சலவை மருந்தும் மிஷின் எண்ணெயும் பஞ்சும் கலந்த வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. அவ்வளவுதான். பலகையில் நாலு கணக்கை எழுதிப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். உங்கள் மேல் கோபம் கோபமாக வந்தது. போன மாசியில் நீங்கள் பாட்டுக்குக் கண்ணை மூடிவிட்டீர்கள். உங்கள் வகுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். வகுப்போடு இந்த வாடையையும் என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டீர்களே, நியாயமா?

நாம் இரண்டு பேரும் ஒரே வாரத்தில்தான் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தோம். நீங்கள் உடுமலைப்பேட்டைப் பக்கம், நான் கரூர். அவிநாசிபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காட்டு வழியே நடந்து வந்தோம். வாடகைக்கு ஒரே அறை, ஒரே அடுப்பு. எனக்கு மூன்றாம் வகுப்பு, உங்களுக்கு ஐந்தாம் வகுப்பு. சரித்திரம் என்றால் உங்களுக்குக் கிறுக்கு. செத்துப்போனவர்களுக்கு இத்தனை கூத்தா என்று நான் கேலி செய்வேன். "ஊர் ஊராச் சுத்துன ராசாவெல்லாம் அப்பறம் கண்ணு. நம்மூர்ல என்ன இருக்குதுன்னு மொதல்ல பார்க்கோணும்" என்பீர்கள். அந்தப் பேச்சுத்தான் வினையாக முடிந்தது.

அன்றைக்குக் கல்வெட்டுப் பாடம். புத்தகத்தில் இருந்த படம் அச்சில் கரியாக அப்பிக் கிடந்தது. ஒரு எழுத்துக்கூடத் தெரியவில்லை. ஊர்க் கிணற்றிலேயே எழுத்து வெட்டிய கல் இருக்கும்போது படம் எதற்கு என்று வகுப்பையே கிளப்பிக்கொண்டு போனீர்கள். பின்னாலேயே நானும் என் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தேன்.

கிணற்றுச் சுவரில் பதித்த கல் அது. பண்ணாடியின் அப்பா பெயரும் உபயம் என்ற சொல்லும் அதில் இருந்தன. பண்ணாடி என்றால் இந்த ஊர் நிலத்தில் பாதிக்குச் சொந்தக்காரர். ஊருக்கு மேற்கே, வளவு என்று தனியாக ஒதுக்கிய குடிசைகளில் இருந்தவர்கள் அவர் காட்டில்தான் வேலை செய்தார்கள். ஆனால் அந்தக் கிணற்றுச் சுவரை அவர்கள் தொடக்கூடாது. தள்ளி நின்று குடத்தை நீட்டினால் யாராவது சேந்தி ஊற்றுவார்கள். இது உங்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். பள்ளிக்கூடத்துக்குள் எல்லாக் குழந்தைகளும் ஒரே தரையில் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வகுப்பைக் கூட்டிக்கொண்டு போனால் பள்ளிக்கூடமும் கூடவே வரும் என்று நினைத்துவிட்டீர்கள். "பாட நேரத்துல நாம நிக்கற எடந்தான் கண்ணு பள்ளிக்கூடம்" என்று என்னிடமே சொன்னீர்கள். படித்தும் இவ்வளவு வெகுளியாக ஒருத்தி இருப்பாளா என்று இன்றைக்கும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

வளவுக் குழந்தைகள் வேப்பமரத்தடியிலேயே நின்றுகொண்டார்கள். நீங்கள் விடவில்லை. எழுத்தைத் தொட்டுத் தொட்டுப் படிக்க அவர்களில் ரங்காத்தாளைக் கூப்பிட்டீர்கள். அவள்தான் வகுப்பிலேயே நன்றாகப் படிக்கிறவள். பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள், விரல் வைத்துத் திக்காமல் படித்தாள். இந்தக் கல் நமக்கு என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்று கேட்டீர்கள். மற்றவர்கள் முழித்தார்கள். அவள்தான் சொன்னாள்.

"கெணறு வெட்டுனவிய பேரு இல்லீங்க டீச்சர். எங்க தாத்தன் மாரானும் வெட்டுனாருங்க. பாறைக்கு வெடி வெக்கறப்ப அவருக்கு ஒரு கை போயிருச்சுங்க."

தண்ணீர் சேந்திக்கொண்டிருந்த பெண்கள் கயிற்றைப் பிடித்தபடியே நின்றுவிட்டார்கள். நீங்கள் அதைப் பார்க்கவே இல்லை. அவள் தோளைத் தட்டிக்கொடுத்து, இதுதான் சரித்திரம், பார்த்துக்கொள்ளுங்கள் என்று எல்லாரிடமும் சொன்னீர்கள். அன்று சாயங்காலம் காப்பி போடக்கூட மறந்து அதையே பேசிக்கொண்டிருந்தீர்கள். அவ்வளவு சந்தோஷமாக அதற்குமுன் உங்களை நான் பார்த்ததில்லை, அதற்குப் பிறகும் பார்க்கவில்லை.

மறுநாள் பண்ணாடி பள்ளிக்கூடத்துக்கு வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கும்பிட்டபடியே உள்ளே வந்தார். குரல் கொஞ்சமும் உயரவில்லை. "ஏனுங்க டீச்சர், கல்லுல இருக்கறதப் படிச்சுக் குடுத்தாப் பத்தாதுங்களா? இல்லாததெல்லாம் எதுக்குங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். சாயங்காலம் நம் அறைக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தனுப்பினார். பிரச்சினை தீர்ந்தது என்று அதை உரித்துத் தின்றோமே அக்கா.

அந்த வாரமே ரங்காத்தாளின் அப்பனைப் பண்ணையத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை. வேறு காட்டுக்காரர்களும் அவனை வேலைக்குக் கூப்பிடவில்லை. நீங்கள் பண்ணாடி வீட்டு வாசலில் போய் நின்றீர்கள். உட்காரவைத்து மோர் கொடுத்தார். "பள்ளிக்கூடம் வேறங்க டீச்சர், பண்ணையம் வேறங்க" என்றார். நீங்கள் திரும்பி வரும்போது வளவில் ரங்காத்தாள் வீட்டுக் குடிசை பூட்டிக் கிடந்தது. திருப்பூருக்குப் போய்விட்டார்கள் என்று பக்கத்துக் குடிசையில் சொன்னார்கள்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை வந்தால் திருப்பூரில் அவளைத் தேடுவதே உங்களுக்கு வேலை. நானும் கூட வருவேன். சந்து சந்தாக, பனியன் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினோம். கடைசியில் ஒரு தகரக் கொட்டகையில் அவளைப் பார்த்தோம். தைக்கிறவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வெட்டிய துணியை மடித்து மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கைமடி என்பார்கள் அந்த வேலையை. தலைமுடி முழுக்கப் பஞ்சு. உங்களைப் பார்த்ததும் பழக்கத்தில் எழுந்து நின்றாள். நீங்கள் மண்டியிட்டு அவள் தலையைத் துடைத்துவிட்டீர்கள். இங்கேயே டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுகிறேன், அப்பாவிடம் நான் பேசுகிறேன் என்று கெஞ்சினீர்கள்.

"வேண்டாமுங்க டீச்சர்" என்றாள். கோபமெல்லாம் இல்லை. நமக்கு ஒரு நல்ல யோசனை சொல்கிறவள் போலத்தான் சொன்னாள். "அங்கயும் எதாச்சும் கேப்பாங்க. நான் சொல்லிப்போடுவனுங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்துவிட்டாள். அதற்குள் துணி சேர்ந்துபோயிருந்தது.

அடுத்த வருஷத்திலிருந்து உங்கள் வகுப்பில் புத்தகம் மட்டும்தான். எந்த ராஜா எப்போது பட்டத்துக்கு வந்தார், எப்போது செத்தார், அதோடு சரி. பிள்ளைகள் கூட்டமாக ஒப்பிப்பது என் வகுப்பு வரைக்கும் கேட்கும். இன்ஸ்பெக்டர் வந்து மெச்சிவிட்டுப் போனார். எத்தனையோ பேருக்கு எழுத்தறிவித்த மனுஷி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அந்தப் புள்ள இப்ப எந்தக் கம்பெனியில இருக்குமோ?" எனக்கும் தெரியவில்லை அக்கா. அந்தத் தகரக் கொட்டகையே இப்போது அங்கே இல்லை.

நீங்கள் செய்தது தப்பு என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். சரி என்று சொல்லலாம் என்றால், ரங்காத்தாள் முகத்தில் எப்படி முழிப்பேன்? இரண்டுக்கும் நடுவில் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். மாரான் என்ற பெயர் இந்த ஊரில் இப்போது என் ஒருத்தி மனதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். வளவில்கூட யாரும் சொல்லிக் கேட்கவில்லை. சொல்லவும் பயமாக இருக்கிறது, மறக்கவும் முடியவில்லை.

இன்று மத்தியானம் சரித்திரம். ஒரு ராஜா பெரிய ஏரி வெட்டினார் என்று புத்தகத்தில் இருந்ததை வாசித்தேன். கடைசி வரிசையில் வளவுப் பெண் ஒருத்தி எழுந்து நின்றாள். அவளுடைய அப்பனும் பண்ணாடி காட்டில்தான் வேலைக்கு இருக்கிறான். "ஏனுங்க டீச்சர், மம்முட்டி புடிச்சு ராசாவே வெட்டுனாருங்களா?" என்றாள். வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. பதிலுக்காக என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தக் கிணற்றடி நாளில் நீங்களாக இருந்தால் அவளைத் தூக்கிக் கொஞ்சியிருப்பீர்கள். எனக்கு அவள் நாளைக்கும் பள்ளிக்கூடம் வரவேண்டும்.

"உக்காரு கண்ணு" என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள்.