ஏப்ரலில் ஹாலந்து

என் சரசக்காவுக்கு,

உன் மகன் முரளி உன்னைக் குளிருக்கு மட்டும்தான் அழைத்தான். அதுதான் உனக்கு நடந்த அநியாயம். நீ கண்ணை மூடி வருஷம் திரும்பிவிட்டது. இந்த வீட்டில் யாரும் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

ஹாலந்துக்கு இரண்டு தடவை போனாய். முரளியின் மனைவிக்கு இரண்டு பிரசவமும் டிசம்பரில். "எங்கம்மாவுக்குக் குளிர் ஒத்துக்காது" என்றாள். அதனால் நீ போனாய். உனக்கு மட்டும் ஒத்துக்கொண்டதா அக்கா? மீனம்பாக்கத்தில் வந்து இறங்கியபோது உன் விரல்களெல்லாம் வெடித்திருந்தன. தாம்பரம் வரும்வரை டாக்சியில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

"ஊர் எப்படிக்கா இருந்துச்சு?"

"ஜன்னல் நல்லா இருந்துச்சுடி. அதுவும் நாலரைக்கே இருட்டிடும்."

நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அங்கிருந்து கொண்டுவந்த காலண்டரில் ஏப்ரல் தாளைத் தாண்டி நீ புரட்டவே இல்லை. பாத்தி பாத்தியாகத் துலிப் பூ, சிவப்பும் மஞ்சளும். "பூ பார்க்க ஒரு தடவை வரேண்டா" என்று போனில் கேட்டாய். "அடுத்த ஏப்ரல் கண்டிப்பாம்மா" என்றான்.

அந்த ஏப்ரலில் சம்பந்தி அம்மாள் போனாள். நீ மொட்டை மாடி வெயிலில் பிழிந்து காயவைத்த வடாம் அவள் பெட்டியில் போனது. பூவுக்கு நடுவே அவள் நிற்கிற போட்டோ வந்ததும், "அவங்களாவது பார்த்தாங்களே" என்றாய். எப்படி உனக்கு அப்படிச் சொல்ல வந்தது? அதற்கடுத்த ஏப்ரலுக்கு நீ இல்லை.

போன வாரம் உன் திதிக்கு முரளி வந்திருந்தான்.

"சித்தி, டிசம்பர்ல வாங்களேன். கிறிஸ்துமஸ் லைட் எல்லாம் பிரமாதமா இருக்கும். அவளுக்கும் ஆபீஸ், பசங்களைப் பார்த்துக்க ஆளில்ல."

"பூ எப்போடா பூக்கும்?"

"அது ஏப்ரல். அப்போ மாமனார், மாமியார் வராங்க சித்தி. வீடு சின்னது."

"அப்போ அவங்களை டிசம்பருக்கு வரச்சொல்லு. லைட் பிரமாதமா இருக்குமாமே."

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான். ஆனால் லைப்ரரியில் தேடி நானே படித்துக்கொண்டேன். அந்த ஊருக்குப் போக நல்ல காலம் ஏப்ரல் நடுவிலிருந்து மே முதல் வாரம் வரை. யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

ஆகவே முடிவு இதுதான், அக்கா. சித்திரை பிறந்ததும் முரளி எனக்கு டிக்கெட் எடுக்க வேண்டும், லீவும் போட வேண்டும். சம்பந்தி அம்மாளிடம் அவன் மனைவியே பேச வேண்டும். அந்த அம்மாள் டிசம்பரில் ஸ்வெட்டரோடு கிளம்ப வேண்டும், குளிர் பழகிவிடும். பெரிய பேரன் என் கையைப் பிடித்துப் பூந்தோட்டத்துக்கு அழைத்துப் போக வேண்டும். பிறந்த நாளிலிருந்து அவனைக் குளிப்பாட்டியது யார் என்று வழியில் முரளி அவனுக்குச் சொல்ல வேண்டும்.

நான் பூவைப் பார்ப்பேன். அவன் வீட்டில் ஒரு டம்ளர்கூடக் கழுவ மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

கடைசிவரை உன் பேச்சைக் கேட்காத தங்கை,
காமாட்சி
சிட்லபாக்கம்