ஓரெழுத்துக் குறைந்த உன் பெயர்

இன்று காலை மின்னஞ்சலைத் திறந்ததும் உன் பெயர் சரியான எழுத்துகளோடு கண்முன் நின்றது. கண்டற்காட்டு நண்டுகள் பற்றி நாம் சேர்ந்து எழுதிய முதல் கட்டுரையில் இருந்த பிழையைத் திருத்திவிட்டதாக ஆய்விதழிலிருந்து எழுதியிருக்கிறார்கள். நீ கண்மூடி இரண்டு வருடமாகிறது. தேநீர் ஆறியதுகூடத் தெரியாமல் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பிழை என்னுடையது. உன் பெயரை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தபோது ஓரெழுத்தை விட்டுவிட்டேன். அச்சில் பார்த்த நீ சிரித்தாய். "விடடி, ஆக்களுக்குத் தெரியும்தானே." பிறகு நீயும் கவலைப்படவில்லை. ஒரு கட்டுரையில் ஞானஸ்நானப் பெயர், இன்னொன்றில் அப்பாவின் பெயர், கலியாணத்துக்குப் பின் கணவரின் பெயர். கணினிக்கு நீ நாலு பேரானாய்.

அதன் வினை பல்கலைக்கழகத்தில் உன் பதவி உயர்வு நேர்காணலில்தான் தெரிந்தது. "பதினொரு கட்டுரை எண்டு போட்டிருக்கிறீங்கள். தேடினா மூண்டுதான் வருது. மற்றதெல்லாம் ஆர் எழுதினது?" என்று கேட்டிருக்கிறார்கள். வெளியே வந்த உன் முகம் கறுத்துப்போயிருந்தது.

"என்னைக் கள்ளியெண்டு நினைச்சிட்டினமடி."

மறுநாள் பிறப்புச் சான்றிதழ், கோயிலில் எடுத்த ஞானஸ்நானப் பதிவு, விவாகப் பதிவு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு, பாலம் கடந்து கிண்ணியாவில் எனக்குத் தெரிந்த சமாதான நீதவானிடம் போனோம். நாலு பெயரும் உன்னுடையவைதான் என்று எழுதிப்போன சத்தியக்கடதாசியை வாசித்தவர் கண்ணாடிக்கு மேலால் உன்னைப் பார்த்தார்.

"இந்த நாலு பேரும் நீங்க ஒராள்தானா?"

"ஓம் ஐயா. நாலு பேருக்கும் ஒரே முழங்கால் நோ."

அவர் சிரித்தபடியே கையெழுத்திட்டார். பதவி உயர்வும் வந்தது. நீ பிடிவாதமாக ஒவ்வோர் ஆய்விதழுக்கும் எழுதிப் பெயர்களை ஒன்றாக்கினாய். நம் முதல் கட்டுரைக்கு மட்டும் பதிலே வரவில்லை. நீ போன பிறகு அந்த ஆய்விதழுக்கு நான் எழுதிக்கொண்டேயிருந்தேன்.

உன்னிடம் கேட்காமல் விட்டதை இப்போது எல்லோரிடமும் கேட்கிறேன். சென்ற வாரம் மூதூரில், எங்கள் ஆய்வுக்குத் தோணி தந்த மீனவரின் பெயரை நன்றியுரையில் சேர்க்க வேண்டியிருந்தது. "உங்கட பேரை எப்பிடி எழுதுறனீங்கள்?" என்று குறிப்புப் புத்தகத்தை நீட்டினேன்.

"இது வரைக்கும் ஆரும் இப்பிடிக் கேக்கல்ல, மகள்," என்றவர், ஈரக் கையை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துவிட்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தானே எழுதினார்.