வராத காமாலை

பென்னாகரம்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கலைமதிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், டெல்லி வெயிலில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன் கண்ணு. நீ கேட்ட மெடிக்கல் சர்டிபிகேட்டை நான் வாங்கவில்லை.

சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வில் அவ்வளவு மார்க் எடுத்தவள் டிகிரியில் மட்டும் ஏன் இவ்வளவு குறைவு என்று அங்கே டெல்லி இன்டர்வியூவில் கேட்பார்கள், இரண்டாம் வருஷம் மஞ்சள் காமாலை என்று சொல்லிவிடலாம் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தது மாதேஸ்வரன் சித்தப்பாதானே. அவரேதான் வண்டியில் என்னைத் தர்மபுரிக்குக் கூட்டிப்போனார். டாக்டரும் மறுபேச்சில்லாமல் பேனாவை எடுத்து, "எந்த மாசத்துலேருந்து காமாலைன்னு போடட்டும்மா?" என்று கேட்டார். அந்த இரண்டாம் வருஷமெல்லாம் நீ ஹாஸ்டலில் தண்ணீர் இல்லை, கக்கூஸுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று பெண்களைக் கூட்டிக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் மனுவோடு நின்றாய். அதற்குத்தான் கல்லூரியில் உன் இன்டர்னல் மார்க்கில் கை வைத்தார்கள். நீயும் வகுப்பை விட்டுவிட்டு அலைந்தாய், அதையும் இல்லை என்று சொல்லவில்லை. "எம் பொண்ணுக்குக் காமாலை வரலைங்க, நல்லாத்தான் இருந்தா" என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

புள்ளை வாழ்க்கையை நீங்களே கெடுக்கறீங்க அண்ணி என்று சித்தப்பா கோபத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பஸ்ஸுக்கு நேரமிருந்தது, அங்கே நீ தங்கிப் படித்த ஹாஸ்டலுக்கே நடந்து போனேன். கலைமதி அம்மா என்றதும் வார்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இப்போது இருக்கிற பிள்ளைகளுக்கு உன் பெயர்கூடத் தெரியவில்லை. ஆனால் எல்லாக் கதவிலும் தாழ்ப்பாள் இருக்கிறது, குழாயைத் திறந்தேன், தண்ணீர் கொட்டியது. அங்கேயே முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அப்பா எல்லாம் கேட்டுவிட்டு, நீ செஞ்சதுதான் சரி, அவளுக்கு உடனே எழுது என்றார்.

ஆகவே மதி, கேட்டால் நடந்ததை நடந்தபடி சொல். அழாதே, கெஞ்சாதே. சட்டம் படிக்கப் போகிறவள் வாசலிலேயே பொய்யோடு நிற்க வேண்டாம். சீட்டு கொடுத்தால் படி. கொடுக்காவிட்டால் வேறு கல்லூரிக்கு எழுது, அந்தத் தேர்வில் ஜெயித்த மூளை உன்னிடம்தானே இருக்கிறது. சித்தப்பாவிடம் நீயே பேசிவிடு, உன்மேல் உள்ள ஆசையில்தான் அவர் இதற்கு ஓடியாடினார்.

மாரியம்மன் உன் பக்கத்திலேயே இருப்பாள். இன்டர்வியூ முடிந்ததும் மறக்காமல் போன் செய். சீட்டு கிடைத்ததா என்று நான் கேட்க மாட்டேன், நீ என்ன சொன்னாய் என்றுதான் கேட்பேன்.

உன் அம்மா
கண்ணம்மாள்